தூளி கட்டிய கல்யாணப் பட்டு

அண்ணி,

நேற்று மத்தியானம் கவிதாவின் மாமியார் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். நம் கவிதாவுக்கு, உங்கள் தம்பி மகளுக்கு, மாதம் நெருங்கிவிட்டது. வளைகாப்பு முடிந்து செவிலிமேட்டில் நம் வீட்டில்தான் இருக்கிறாள். நான் காப்பிக்குப் பால் வைப்பதற்குள் சம்பந்தியம்மா பையைத் திறந்து, அரக்கு நிறப் பட்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார். "என் கல்யாணப் பட்டும்மா. பேரப்புள்ளைக்கு முதல் தூளி இதுலதான் கட்டணும்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மடிப்பைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று கிளம்பியது. பட்டை உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஜவுளிக் கடையில் அந்த வாசனை வந்தால்கூட நான் இன்னும் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன்.

உங்கள் தம்பிக்கும் எனக்கும் அருண் பிறந்து, அவனுக்குப் பெயர் வைத்த அன்று கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். உங்கள் வீட்டு வழக்கப்படி முதல் தூளி அத்தையின் கல்யாணப் பட்டில். பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்த மாம்பழ நிறப் பட்டை அப்படியே எடுத்து வந்து, விட்டத்துக் கொக்கியில் நீங்களே முடிச்சுப் போட்டீர்கள். அவிழ்ந்துவிடுமோ என்று முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். உங்கள் கவலை முழுக்க அந்த முடிச்சில்தான் இருந்தது. குழந்தை இரவும் பகலும் அதில்தான் தூங்கினான்.

இரண்டொரு நாளில் அவன் கண் மஞ்சளாயிற்று. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. துணியில் பட்ட மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. "தாய்ப்பாலு ஒத்துக்கலை. வெயில்ல காட்டுங்க, சரியா பூடும்" என்றார் உங்கள் அம்மா. உங்கள் தம்பி காதில் போட்டுக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கிறது, எதனால் என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும் என்றார் டாக்டரம்மா. ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா, நாட்டு மருந்து புகட்டினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். இல்லை, இல்லை என்றோம். பால் கொடுக்க அவனை வெளியே எடுக்கும்போதெல்லாம், குளிருமே என்று, உங்கள் பட்டில் சுற்றித்தான் என்னிடம் தந்தார்கள்.

நீங்கள் வந்து குனிந்து அவன் நெற்றியை முகர்ந்தீர்கள். எப்போதும் செய்வதுதான். அன்று நிமிர்ந்தபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டை அவன் மேலிருந்து உருவிச் சுருட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தீர்கள். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"டாக்டர், நான்தான் பண்ணேன். பாச்சா உருண்டை போட்டு வெச்ச சேலை. ரத்தத்துல ஜி-சிக்ஸ்-பி-டி புரோட்டீன் குறையுதான்னு டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

உங்கள் தம்பி கத்தினார். "காலேஜ்ல நீ இதத்தானே சொல்லிக் குடுக்கிற?"

"ஆமாம்பா. வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கிறேன். சேலையை எடுக்கிறப்ப தோணலை."

நீங்கள் சொன்னதுதான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இது தாய் வழியாக மகனுக்கு வருவது என்று டாக்டரம்மா சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளை பிழைப்பானா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது வேறு. நீங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"அம்மா, கேளு. உடம்புல எல்லா செல்லுலயும் ஜீன் இருக்குது. வேணும்னா அதுலேர்ந்து ஒரு நகல் எடுத்து, அதைப் படிச்சு புரோட்டீன் செஞ்சுக்கும். ஆபத்துன்னா இன்னும் அதிகமா செஞ்சுக்கும். ரத்தத்துல இருக்கிற சிவப்பு செல்லு மட்டும் முத்தினதும் ஜீனை வெளிய தள்ளிடும். கட்டுச்சோறு கட்டிக்கினு கிளம்பின மாதிரி. வழியில அடுப்பு கிடையாது. இவனுக்கு ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்குது. அதனால செல்லைக் காக்கிற அந்த ஒரு புரோட்டீன் சரியா மடங்கி நிக்காம சீக்கிரம் கெட்டுப் போவுது. சும்மா இருக்கிற வரைக்கும் இருக்கிறதே போதும். என் சேலை வந்துச்சு, பத்தலை."

"அந்த எழுத்து இவ வழியாத்தானே வந்துச்சு?" என்றார் உங்கள் அம்மா. அவர் லேசில் விடுகிறவரா?

"இவகிட்ட அந்த ஜீன் ரெண்டு இருக்குது. ஒண்ணு நல்லது, ஒண்ணு மாறினது. ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒண்ணை மூடி வெச்சுடும். பாதி செல்லுல நல்லது வேலை செய்யுது, அதனால இவளுக்கே தெரியாது. தெரியாம குடுத்தவளைப் பார்க்காத. தெரிஞ்சும் சேலை கொண்டாந்தவ நான். என்னைப் பாரு."

குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள். அது முடிகிறவரை வராந்தா பெஞ்சில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தம்பி ஒரு பக்கம், உங்கள் அம்மா ஒரு பக்கம். உங்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆளில்லை. நானோ உள்ளே படுத்திருந்தேன். மகன் பிழைத்தான். அதற்குப் பிறகும் உங்கள் தம்பி ரொம்ப நாள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் பாட்டுக்குச் சாயங்காலம் வருவீர்கள், தூர நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். "ஏன் அண்ணி எல்லார் எதிர்லயும் சொன்னீங்க, டாக்டரைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன். "தனியா சொல்லியிருந்தா உங்க வீட்டு பீரோவுல இன்னும் உருண்டை இருந்திருக்கும்" என்றீர்கள்.

இந்த வார்த்தைதான் நேற்று என்னைப் பிடித்து ஆட்டியது. சம்பந்தியம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கவிதா எனக்கு ஜாடை காட்டினாள், சொல்லாதே என்று. முந்தின வாரமே கெஞ்சியிருந்தாள். "அம்மா, எங்கிட்ட அது இருக்குதா இல்லையான்னே தெரியலை. நீ என் மாமியார்கிட்ட சொல்லி வெச்சா, காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. சேலையை நான் ஏதாவது சொல்லி சமாளிச்சுக்கிறேன்." சமாளிப்பாள். ஒரு சேலையைச் சமாளிப்பாள். அது பட்டு நெய்கிற வீடு. எந்த பீரோவைத் திறந்தாலும் உருண்டை. குழந்தை போய் வளரப்போவது அங்கேதான். யார் எதில் சுற்றித் தூக்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சொல்லிவிட்டேன், அண்ணி. அருணுக்கு நடந்தது, அது என்னிடமிருந்து வந்தது, கவிதாவிடமும் இருக்கலாம், பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அதுவரை பாச்சை உருண்டை பட்ட எந்தத் துணியும் குழந்தைமேல் படக்கூடாது, எல்லாம் சொன்னேன். உங்களைப் போல அழகாக எனக்கு வரவில்லை.

சம்பந்தியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "பொண்ணு குடுக்கிறப்ப இதெல்லாம் சொல்லலையேம்மா" என்றார்.

"இப்ப சொல்றேங்க. புள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி" என்றேன்.

பட்டைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார். காப்பியைத் தொடவில்லை. வாசல் வரை கூடப் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. கவிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். அந்த வராந்தாவில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அழுதேன், அண்ணி, எனக்காக இல்லை, உங்களுக்காக.

இதுவரை அங்கேயிருந்து போன் இல்லை. கவிதா என்னிடம் பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறக்கப்போகிற குழந்தையைத் தூக்கப்போகிற எல்லோருக்கும் இப்போது தெரியும்.