பென்சில் குறி போட்ட இடம்

ஜனவரி 9

அன்புள்ள லேபம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய், நான் முதலில் தனியாகக் கிளம்பியதில் உனக்கு வந்த கோபமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். வழியனுப்ப வாசல் வரைக்கும்கூட வரவில்லையே நீ என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. முதல் கடிதத்திலேயே சண்டை வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

வீடு பிடித்துவிட்டேன். ஓர் அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். திறந்தால் உப்புக் காற்று, மூடினால் புழுக்கம். இந்தத் தீவில் துருப்பிடிக்காத பொருளே கிடையாது. சாவி, கத்தரிக்கோல், என் பேனாவின் கிளிப் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பேறிவிட்டன. மத்தியானமானால் மின்சாரம் போய்விடுகிறது. மின்சார இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவன் கையில் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன், நன்றாகச் சிரித்துக்கொள்.

பக்கத்து வீட்டில் ஒரு கப்பல் சமையல்காரர். அவரும் ஓய்வு பெற்று வந்தவர்தான். "இங்க வந்துட்டீங்கல்ல, இனிமே கடிகாரத்தைக் கழட்டி வெச்சிருங்க" என்றார். உண்மைதான். அங்கே என் ஓய்வூதியம் இருபதாம் தேதியே மூச்சு வாங்கும். இங்கே மாதக் கடைசி வரைக்கும் நடக்கிறது.

பத்து வருஷமாக நம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தோமே இந்தத் தீவின் பத்திரிகைப் படம், கடல் அதே நீலம். ஆறு மாதத்தில் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதில் மாற்றம் இல்லை. தாள் வேலையெல்லாம் என் பொறுப்பு. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே போதும்.

மறந்துவிட்டேன், என் படிக்கிற கண்ணாடி அங்கேயே இருக்கிறது. அனுப்பி வை.

அன்புடன்,
உன் கணவன்

பிப்ரவரி 2

மனைவி இல்லாதவருக்கு,

விளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் நானும் எழுதியிருக்கிறேன்.

நேற்று தபால்காரர் ஒரு நீள உறையோடு வந்தார். "சார் பேருக்கு வந்திருக்கு. நீங்க வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். "நான் அவரோட சம்சாரம், தாராளமா வாங்கிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையைப் பிரித்தால், அப்படி ஒருத்தி இல்லை என்று உள்ளே எழுதியிருக்கிறது.

உங்கள் தீவின் குடியிருப்பு அலுவலகம் உங்கள் ஊர் முகவரிக்கு அனுப்பிய அனுமதியின் நகல் அது. ஐந்தாம் கட்டம், மனைவி: இல்லை. அடியில் பொடி எழுத்தில், ‘தனித்து வாழச் சம்மதம், இணைப்பு நான்கைப் பார்க்க’ என்று ஒரு குறிப்பு. பார்த்தேன். நானும் நீங்களும் இரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இல்லையாம். உங்களிடமிருந்து எனக்கு எதுவும் தேவையில்லையாம். கீழே என் கையெழுத்து.

எப்போது போட்டேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். துணி துவைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நாலு தாளை நீட்டினீர்கள். வழக்கம்போல நான் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. "சோப்புக் கையைத் தொடைச்சிட்டுப் போடு, தாள் நனைஞ்சிடும்" என்றீர்கள். தாளுக்காக அவ்வளவு கவலைப்பட்டீர்கள்.

முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதித்தவள் நான். குழாயில் ஒட்டிய சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு சொட்டைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் நீங்கள் நீட்டிய தாளை மட்டும் ஒரு முறைகூடப் படித்ததில்லை. நீங்கள் தலைமை எழுத்தர், படிவம் உங்கள் இலாகா, பென்சில் குறி இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மகளிடம் சொன்னேன். "அப்பா சும்மா ஃபார்முக்காக எழுதியிருப்பாரும்மா" என்றாள். "உன் வீட்டுக்காரர் உன்னை இல்லைன்னு சும்மா எழுதிக் கொடுத்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

போன் பண்ணாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் இரண்டு முறை இருமினால் நான் இளகிப்போவேன். காகிதத்தில் உங்களால் இரும முடியாது.

கண்ணாடி அலமாரியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஐந்தாம் கட்டத்தில் இல்லாதவள்

பிப்ரவரி 15

அன்புள்ள லேபம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல், தாளை எட்டப் பிடித்துப் படித்தேன். எட்டப் பிடித்தும் சுட்டது.

கொஞ்சம் பொறுமையாகக் கேள். இங்கே விதி அப்படி. தனி ஆள் என்றால் ஓய்வூதியம் இவ்வளவு இருந்தால் போதும். மனைவியோடு என்றால் அதில் ஒன்றரை மடங்கு காட்ட வேண்டும். என்னுடையது ஒருவனுக்குச் சரியாக இருக்கிறது, இருவருக்கு எட்டவில்லை. பத்து வருஷம் பார்த்த படத்தை ஒரு கட்டத்துக்காகக் கிழித்துப்போடவா? அதனால் ஐந்தாம் கட்டத்தில் அப்படி எழுதினேன். நான் உள்ளே வந்துவிட்டால், பிறகு உன்னை மூன்று மூன்று மாதமாக விருந்தாளி அனுமதியில் வரவழைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

கப்பல் சமையல்காரரிடம் கேட்டேன். "நானும் அப்படித்தான் எழுதினேன். கட்டத்தை நிரப்பினாதான் சார் உள்ள விடுவான்" என்றார். அவர் மனைவி எப்போது வருவார் என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

காகிதத்தில் எழுதினால் நீ இல்லாமல் போய்விடுவாயா? இதை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டாம்.

அன்புடன்,
உன் கணவன்

மார்ச் 1

தலைமை எழுத்தருக்கு,

பெரிதுபடுத்துகிறேனாம். கட்டிய மனைவியை விருந்தாளி அனுமதியில் வரவழைப்பாராம். மூன்று மாதம் சமைத்துப் போட்டுவிட்டு விருந்தாளி கிளம்பிவிட வேண்டும், பிறகு வாசலில் நின்று மறுபடி அனுமதி கேட்க வேண்டும். இந்த யோசனையை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

போன வாரம் அந்தத் தீவின் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். மூன்று பஸ் மாறி, வரிசையில் நின்று, விதிப் புத்தகத்தை வாங்கி, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். உங்கள் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டேன், எனக்கும் அது பொருந்துகிறது.

ஏழாம் விதி என்ன சொல்கிறது என்று தெரியுமா? கணவன், மனைவி இருவருக்கும் ஓய்வூதியம் இருந்தால் இரண்டையும் கூட்டிக் காட்டலாம். இரண்டையும் கூட்டினால் அவர்கள் கேட்பதற்கு மேலேயே வருகிறது.

நீங்கள் ஏழாம் விதியைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கமா, புள்ளி வரைக்கும் விடாமல் படிக்கிறவர். படித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் இன்னொரு ஓய்வூதியம் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தோன்றவில்லை. என்னைப் பொய்யாக ‘இல்லை’ என்று எழுதினீர்களே, அதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். அதற்கு முன்பே நான் உங்கள் கணக்கில் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? பூச்செண்டும் கையுமாக வீட்டுக்குள் வருகிறேன், "உனக்கும் கைச்செலவுக்கு ஏதாச்சும் வருமில்ல?" என்றீர்கள். உங்களுடையது சம்பளம், என்னுடையது கைச்செலவு. மகளின் படிப்பும் இந்த வீட்டின் அரிசி பருப்பும் அந்தக் கைச்செலவில்தான் நடந்தன. எவ்வளவு வருகிறது என்று இன்றுவரை நீங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், உங்களுடையதைவிடக் கூட.

கவுண்டரில் இருந்த அம்மாள் நல்லவர். அனுமதி கொடுத்த தொண்ணூறு நாளுக்குள் இணைப்பு நான்கை வாபஸ் வாங்கிப் புது விண்ணப்பம் போடலாம் என்றார். யாருடைய ஓய்வூதியம் அதிகமோ அவர்தான் முதன்மை விண்ணப்பதாரராம். மற்றவர் எட்டாம் கட்டத்தில் வருவார்.

இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, அந்தப் புது விண்ணப்பம். என் கையாலேயே நிரப்பியது. எட்டாம் கட்டத்தில், ‘சார்ந்திருப்பவர்: கணவர்’. இன்னொன்று வக்கீலிடம் எழுதி வாங்கியது. நாம் இருவரும் பிரிந்து வாழ்கிறோம் என்று இணைப்பு நான்கில் பொய்யாகச் சொன்னதை நிஜமாக்குகிற தாள்.

இரண்டிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். ஏதாவது ஒன்றில் போட்டு அனுப்புங்கள். கண்ணாடியும் இதே பார்சலில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
முதன்மை விண்ணப்பதாரர்

மார்ச் 19

லேபம்மாவுக்கு,

இரண்டு தாளையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன், நீ ரத்தக் குழாயின் சீட்டைப் படிக்கிற மாதிரி.

விண்ணப்பத்தில் ஒரு பிழைகூட இல்லை. முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக நிரப்பிய படிவத்தை நான் பார்த்ததில்லை. உனக்கு இது வராது என்று நான் எப்போது முடிவு செய்தேன், ஏன் முடிவு செய்தேன் என்று தெரியவில்லை.

எட்டாம் கட்டத்தில் என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நமக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் உன்னை அந்தக் கட்டத்தில்தான் எழுதி வந்திருக்கிறேன். நீ சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தோன்றியதில்லை.

ஏழாம் விதியைப் படித்தேன், நீ சொன்னது சரி. படித்துவிட்டு, ‘நமக்கு இது பொருந்தாது’ என்று பக்கத்தைத் திருப்பினேன். இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பென்சில் குறியை அழிக்கவில்லை. வக்கீல் தாளைக் கிழித்துப்போடக் கை போயிற்று. ஆனால் அது நீ எழுதி வாங்கிய தாள், கிழிக்கிற உரிமை எனக்கு இல்லை. கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உன் கணவன்
(எட்டாம் கட்டத்தில் உள்ளபடி)

ஏப்ரல் 24

உங்களுக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். அனுமதியும் வந்துவிட்டது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு துறைமுகத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். தீரவில்லை. எழுதி முடிக்கிற கோபமா இது, அங்கே வந்து நேரில் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். வக்கீல் தாளையும் நான் கிழிக்கவில்லை. அலமாரிக் கதவிலிருந்து அந்த நீலப் படத்தைப் பிரித்து எடுத்தேன். இரண்டையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இனி எந்தத் தாளாக இருந்தாலும் நான் படித்த பிறகுதான் கையெழுத்து. என் கைச்செலவிலிருந்து ஒரு படிக்கிற கண்ணாடி வாங்கிக்கொண்டேன். மின்சாரம் போகிற மத்தியான நேரத்தில் நீங்கள்தான் எனக்கும் சேர்த்து விசிற வேண்டும். துருப்பிடிக்காத கத்தி ஒன்று வாங்கி வையுங்கள்.

அந்தக் கப்பல் சமையல்காரரிடம், ஏழாம் விதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

இறங்கியதும் கவுண்டரில் உங்களைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்களாம். தூதரகத்து அம்மாள் சொன்னார். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று அதுவரைக்கும் நீங்கள் அந்தக் கவுண்டரின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று வேர்த்துக்கொண்டிருங்கள். உங்களைப் போல ‘இல்லை’ என்று சொல்லிவிடத்தான் மனசு துடிக்கிறது. ஆனால் உங்களுக்கு எழுத வந்தது, எனக்குச் சொல்ல வாய் வராது.

மனைவி