கல்லணைக்கு ஏழு மதிப்பெண்

தில்லை நகர், திருச்சி
ஏப்ரல் 16

அன்புள்ள சபீனா மேடம்,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் தபால். பெரம்பலூரில் புதுப் பள்ளி, வீடு, மகள் எல்லாம் நலமா?

முதலில் மன்னிப்பு. போன வருஷம் நம் பள்ளித் தாளாளர் அனுப்பிய சுற்றறிக்கை நோட்டு நினைவிருக்கும். பரிணாமப் பாடத்தோடு, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டுப் படைத்தது என்பதையும் அறிவியலாகவே நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. இருவரும் மறுப்பு எழுதுவதாக கேன்டீனில் பேசிக்கொண்டோம். நீங்கள் எழுதினீர்கள், வேலையையும் விட்டீர்கள். நான் உங்கள் வரிக்குக் கீழேயே 'சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? பத்தாம் வகுப்புக்கு அந்த நோட்ஸை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இப்போது பொதுத்தேர்வில் 'பரிணாமத்துக்கான சான்றுகளை விளக்குக' என்று ஏழு மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டார்கள். "சார், உங்க நோட்ஸ அப்படியே எழுதிட்டோம்!" என்று பிள்ளைகள் சந்தோஷமாக ஓடிவருகிறார்கள். பூஜ்யம்தானே விழும்? வெட்கமாக இருக்கிறது, மேடம்.

உங்களைத் தனியே விட்ட,
பாலமுரளி

*

பெரம்பலூர்
மே 3

பாலமுரளி சார்,

எல்லாரும் நலம். கோபமும் நலமாகவே இருக்கிறது.

வெளியே சொல்லக்கூடாதுதான், சொல்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு வந்த தாள் கட்டுக்குள் பதினாலு தாளில் ஒரே வரி. 'கல்லணையைக் கட்ட ஒரு கரிகாலன் வேண்டியிருந்தது என்றால், கண்ணைப் படைக்க ஒருவர் வேண்டாமா?' தாளில் பெயர் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்த இடத்திலேயே உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

நான் ஐந்து வேளை தொழுகிறவள். கண்ணைப் படைத்தவன் அல்லாஹ் என்று நம்புகிறவள். அதை வீட்டில் என் மகளுக்குச் சொல்வேன். வகுப்பில் சான்று கேட்டால் புதைபடிவத்தைக் காட்டணும், திமிங்கலத்தின் துடுப்புக்குள் இருக்கும் விரல் எலும்பைக் காட்டணும். சோதித்துப் பார்க்க முடியாததை அறிவியல் என்று சொல்லிக்கொடுக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? பள்ளி திறந்ததும் அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள்.

சபீனா

*

தில்லை நகர்
ஜூன் 6

அன்புள்ள மேடம்,

பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன். "நான் குடுத்த நோட்ஸ் அறிவியல் இல்லப்பா. தெரிஞ்சேதான் குடுத்தேன். வேலை போயிடும்னு பயம்" என்று சொல்லிவிட்டேன்.

ப்ரீத்தி என்று ஒரு பெண் எழுந்தாள். "சார், அதை எழுதித்தான் நான் அறிவியல்ல நூத்துக்கு நூறு. தப்புன்னா எப்படி சார் முழு மார்க் வரும்?" என்றாள். வகுப்பே கைதட்டியது.

பள்ளி வாசலில் அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். "அரசாங்கமே மார்க் போட்டிருக்கு, நீங்க என்ன சார் தப்புங்கிறீங்க? இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புலேருந்தே நடத்துங்க." இன்னும் பதில் சொல்லவில்லை.

கேட்கவே கூசுகிறது, மேடம். அந்தப் பதினாலு தாளுக்கும் என்ன போட்டீர்கள்?

பாலமுரளி

*

பெரம்பலூர்
ஜூன் 11

பாலமுரளி சார்,

ஏழு. பதினாலுக்கும் ஏழு. அதில் ஒன்றுதான் முழு மதிப்பெண் தாள், அது ப்ரீத்தியுடையதாகத்தான் இருக்கும்.

விதிப்படி பூஜ்யம்தான் போட்டிருக்கணும். பாவம், உங்களை நம்பி அடிக்கோடு போட்டு, அழகழகாக எழுதியிருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் மார்க் குறைந்தால் பழி உங்கள் தலையில் விழும், வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். அப்போது அது இரக்கம் மாதிரித்தான் இருந்தது.

'இது அறிவியல் அல்ல' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், அதற்கே முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டு, உங்களுக்கு உபதேசமும் எழுதியிருக்கிறேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் எனக்கு! அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நினைத்தாலே கூனிக் குறுகிப் போகிறேன். தாளாளர் கையில் ஆதாரத்தைக் கொடுத்ததே நான்தான்.

நீங்களாவது பிள்ளைகள் முன்னால் நின்றுவிட்டீர்கள். நான் நிற்கவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் திருச்சி வருகிறேன். ப்ரீத்தியையும் அவளைப் பெற்றவர்களையும் பார்த்து, அந்த மார்க் போட்டது நான்தான், போட்டது தப்பு என்று சொல்லணும். அதற்குப் பிறகு என் வேலைக்கு என்ன ஆகிறதோ ஆகட்டும்.

தனியாகப் போக பயமாக இருக்கிறது. கூட வருவீர்களா, சார்?

சபீனா