ஒரே கட்டில் அறை

ஜூன் 3, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. மெக்கானிக் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான். மூன்றரைக்கு வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டான்.

சாயங்காலம் புனேயிலிருந்து மகன் ஆஸ்டின் போன் செய்தான். எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பரிசாம். சபையின் முதியோர் ஐக்கியம் போகிற கப்பல் பயணத்தில் எனக்கும் ரத்தினத்துக்கும் இடம் போட்டுவிட்டான். ஜூலை 4 சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் போய்த் திரும்புவது. மூன்று ராத்திரி. என் ஈமெயில் பாஸ்வேர்டு எனக்கே நினைவில்லாததால் தகவல் எல்லாம் அவனுக்குத்தான் வரும். "எதுக்குடா வீண் செலவு?" என்றேன். பழக்க தோஷம். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மூன்று ராத்திரி, இரண்டு பேர், ஒரே அறை.

ஜூன் 4, புதன்

நேற்றைய கடைசி வரிக்கு ஒரு விளக்கம் தேவை. நாளைக்கு நானே படித்தால் புரிய வேண்டுமல்லவா?

எட்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தினத்துக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. பின் அறையை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட் இருப்பதால் அங்கே படுக்கப் போனாள். மூன்று வாரம் போதும் என்றார் டாக்டர். முட்டி நன்றாகவே குணமானது. போன வருஷம் பரங்கிமலைப் படிக்கட்டை எனக்கு முன்னால் ஏறி முடித்துவிட்டு மேலே நின்று கையசைத்தாள். பின் அறையிலிருந்து மட்டும் திரும்பி வரவில்லை.

சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. காபி, ஜெபம், பேப்பர், மார்க்கெட், எல்லாம் சேர்ந்துதான். ராத்திரி பத்து மணியானால் ஆளுக்கொரு கதவு. என் குறட்டை காரணமாக இருக்கும். என் மச்சினன் ஒரு தடவை வந்து தங்கிவிட்டு, விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய்விட்டான். அதனால் நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால்?

அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீசில் ஊருக்கெல்லாம் மனு எழுதித் தந்தவனுக்கு இந்த ஒரு மனுவை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மோட்டார் மெக்கானிக் இன்று வரவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐக்கியக் கூட்டம். கப்பலுக்குப் பதினாறு பேர். செயலர் ஜெர்சன் தலைமை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வருகிற காய்கனிகளை ஏலம் விடுகிற ஆள் அவர்தான், அதனால் மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பது போலவே பேசுவார்.

முதல் தீர்மானம்: எல்லாருக்கும் நாலாவது தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. யாரும் தனியாக அப்கிரேடு கேட்கக் கூடாது. "ஒண்ணாப் போறோம், ஒண்ணா இருப்போம். ஒருத்தருக்கு பால்கனி, இன்னொருத்தருக்குப் பொந்துன்னா ஐக்கியம் எங்க?" எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

இரண்டாவது தீர்மானம்தான் வினை. ஏஞ்சல் டீச்சர் தனியாக வருகிறார், அவர் கணவர் போய் நாலு வருஷம். அப்பாதுரை சாரும் தனி, வயது எழுபத்தெட்டு. ஜெர்சன் யோசனை சொன்னார். "நம்ம ரிட்ரீட்ல ஆம்பளைங்க ஒரு ஹால், லேடீஸ் ஒரு ஹால்னுதானே படுக்கிறோம். அதே மாதிரி கப்பல்ல ஏறினதும் சாவிய மாத்திக்கிட்டா போச்சு. டீச்சருக்குத் துணையா ஒரு லேடி, அப்பாதுரை சாருக்குத் துணையா ஒரு ஜென்ட்ஸ்." எல்லார் கண்ணும் ரத்தினத்தின் மேல் போய் நின்றது. சபையில் அவள் இதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். "சரிண்ணே" என்றாள்.

அப்பாதுரை சார் என் தோளில் தட்டி, "நமக்கு ஜாலி தம்பி, என் ரயில்வே சர்வீஸ் முழுக்க சொல்றேன்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

ஃபேனை ஏன் பார்த்தேன்?

ஜூன் 11, புதன்

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஆஸ்டின் ஒரு லிங்க் போட்டிருந்தான். கப்பல் கம்பெனியிலிருந்து வந்ததாம். மேல் தளத்தில் பால்கனி அறைகள் காலியாக இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் தங்களால் முடிந்த தொகையைச் சொல்லலாம், பிடித்திருந்தால் கம்பெனி கொடுக்கும். ஏலம்தான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது.

கைதூக்கி மூன்று நாள்தான் ஆகிறது என்பதால் மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ஒரே பெரிய கட்டில், பிரிக்க முடியாது. நாலாவது தளத்து அறையில் இருப்பது இரண்டு தனிக் கட்டில்.

ஆபீஸ் மூளை வேலை செய்தது. ஏஞ்சல் டீச்சரும் ரத்தினமும் ஒரே கட்டிலில் படுக்க மாட்டார்கள். நானும் அப்பாதுரை சாரும் படுக்கவே மாட்டோம். ஆக, அந்த அறை கிடைத்தால் சாவி மாற்றும் தீர்மானம் தானாகவே செத்துவிடும். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

ரத்தினம் காய்கறி வாங்க கேம்ப் ரோடு போன நேரத்தில் ஏலம் கேட்டுவிட்டேன். விரலால் தள்ளுகிற கோடு ஒன்று. சிவப்பில் இருந்தால் வாய்ப்புக் குறைவு, மஞ்சளில் இருந்தால் பரவாயில்லை, பச்சையில் இருந்தால் நல்ல வாய்ப்பு. மஞ்சளின் நடுவில் வைத்தேன். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய்க்குக் கூட இதைவிட தைரியமாகக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

சும்மா திறந்து பார்த்தேன். நான் வைத்த இடத்தைவிட இரண்டு குறி மேலே இருக்கிறது! வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். நம் ஐக்கியத்து ஆளாகத்தான் இருக்கும். கை தூக்கினவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் மேலும் நம்பிக்கை வரவில்லை. மூன்று குறி ஏற்றினேன்.

ஜூன் 14, சனி

மறுபடியும் ஏறியிருக்கிறது. நானும் ஏற்றினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. ஜெர்சன் போனைத் தடவுவதைப் பார்த்தேன். பாவி. பிரசங்கம் எதைப் பற்றியது என்று மதியம் ரத்தினம் கேட்டாள். பேராசை என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். சரியாகவே இருந்தது.

பச்சைக்கு வந்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்டின் போன். நான் தனியாக இருக்கிறேனா என்று முதலில் கேட்டுக்கொண்டான்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?"

"யாரு ரெண்டு பேரு?"

"எனக்கு தினம் மெயில் வருது. காலைல நீங்க ஏத்துறீங்க, மத்தியானம் அம்மா ஏத்துறாங்க. எப்படி அழுத்தணும்னு அம்மா போன வாரமே எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. புக்கிங் ஒண்ணுதான்பா. நீங்க பாக்குறது வேற யாரோ கேட்டது இல்ல, நம்ம கேட்டதுதான். இப்ப கோட்டோட கடைசிக்கே போயிடுச்சு."

ஐந்து நாளாக நான் என் பெண்டாட்டிக்கு எதிராக ஏலம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் எனக்கு எதிராக. ஒரே வீட்டில், ஒரே வைஃபையில்.

"அம்மா யாருக்காகடா கேக்குறா?" என்றேன்.

"யாருக்காகவா? புரியலப்பா."

எனக்கும் புரியவில்லை. என்னோடு தங்கவா, ஏஞ்சல் டீச்சரோடு தங்கவா? டீச்சருக்குக் கடல் பிடிக்கும் என்று ரத்தினம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கட்டில் விஷயம் சின்ன எழுத்தில் இருக்கிறது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாளா இல்லையா?

ஜூன் 18, புதன்

கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஒன்பதாம் தளம், பால்கனி. ஆஸ்டின் குரூப்பில் போட்டான். ரத்தினம் ஹாலில் உட்கார்ந்தபடி ஒரு கட்டைவிரல் போட்டாள். நான் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு கட்டைவிரல் போட்டேன். பத்தடி தூரம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ட்ராவல்ஸிலிருந்து ஜெர்சனுக்கு அறைப் பட்டியல் வந்துவிட்டது. ஐக்கியக் கூட்டத்தில் ஆயரையும் உட்காரவைத்துக்கொண்டு வாசித்தார். பதினான்கு பேருக்கு நாலாம் தளம். எங்களுக்கு மட்டும் ஒன்பது. எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதுரை சார் மட்டும் தட்டிலிருந்த சமோசாவை முடித்துக்கொண்டிருந்தார்.

"தயாளன், நம்ம முறை உங்களுக்குத் தெரியாததில்ல" என்றார் ஜெர்சன். "ஏலத்துல எடுத்தவங்க அதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பாங்க, நாம மறுபடி ஏலம் விடுவோம். போன வருஷம் ஒரே வாழைத்தார் அஞ்சு தடவை போச்சு. இதையும் அப்படித் திருப்பிக் கொடுத்துடுங்க. ஏலமெல்லாம் வேணாம். ரத்தினமும் ஏஞ்சல் டீச்சரும் அந்த ரூம்ல தங்கட்டும். லேடீஸுக்குக் காத்து வரும். நீங்களும் அப்பாதுரை சாரும் கீழ."

நல்ல யோசனை என்று நாலைந்து தலைகள் ஆடின. நான் எழுந்தேன். எதுக்கு எழுந்தேன்னு எனக்கே தெரியல. வாய் வரைக்கும் வந்துச்சு. வரல. நின்னுக்கிட்டே இருந்தேன், பேசாம, மரம் மாதிரி.

பெண்கள் வரிசையிலிருந்து ரத்தினம் எழுந்தாள்.

"திருப்பிக் கொடுக்கறதா இல்லண்ணே. அங்க ஒரே கட்டில்தான் இருக்கு. நானும் அவரும் படுத்துக்குவோம்."

பதினாறு பேர் முன்னிலையில், ஆயர் முன்னிலையில், பகல் பன்னிரண்டரைக்கு. ஆயர் தொண்டையைச் செருமிவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஜெர்சனுக்கு முதல் முறையாக மைக் வேலை செய்யவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

ஏஞ்சல் டீச்சர்தான் பேச்சை ஆரம்பித்தார். "எனக்குத் துணை வேணும்னு நான் எப்ப கேட்டேன்? விடிய விடிய லைட்டப் போட்டுக்கிட்டுப் படிக்கிறவ நான். என்னைத் தனியா விடுங்கப்பா." அப்பாதுரை சார் தனக்குக் குறட்டை ஆகாது என்றார். என் புகழ் ரயில்வே வரை போயிருக்கிறது.

கூட்டம் ஜெபத்துடன் முடிந்தது. ஜெபம் சுருக்கமாக இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "வெயில் ஜாஸ்தி" என்றாள். "ஆமா" என்றேன். கண்ணாடி போட்டுத்தான் படித்திருக்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

வேனில் துறைமுகம். டிரைவர் ரத்தினத்தின் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூணு நாளைக்கா மூணு வருசத்துக்கா? உள்ள கல்லு கீதா?" என்றார். உள்ளே முறுக்கு இருந்தது.

அறை பெரிசு. கட்டிலின் மேல் துண்டை மடித்து அன்னம் செய்து வைத்திருந்தார்கள். அதை எங்கே எடுத்து வைப்பது என்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஆலோசித்தோம். தேவைக்கு மேலேயே ஆலோசித்தோம்.

ஜூலை 5, சனி

தூங்கவில்லை. குறட்டை விடக் கூடாதென்று விழித்துக்கொண்டே கிடந்தேன். காலையில் அவள் கண்ணும் சிவந்திருந்தது. கப்பல் ஆட்டம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

பத்து மணிக்கு ஐக்கியம் முழுவதும் வந்துவிட்டது. எல்லாரும் எங்கள் பால்கனியில் நின்று தனித்தனியாகவும் சேர்ந்தும் போட்டோ எடுத்தார்கள். ஜெர்சன் நாலு விதமாக நின்றார். நாளைக்கு ஆராதனையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. கட்டிலில் ஏழு பேர். ஒரே கட்டில், பிரிக்க முடியாது.

எல்லாரும் போன பிறகு பால்கனியில் உட்கார்ந்தோம். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. தண்ணீர்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி ஏன் முழிச்சிக்கிட்டே இருந்தீங்க?" என்றாள்.

"குறட்டை விட்டா உனக்குத் தூக்கம் கெடும்னு."

"சத்தமே இல்லாமதான் எனக்குத் தூக்கம் வரல. வீட்டுல செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுதானே தூங்குறேன்? நின்னுச்சுன்னா எழுந்து வந்து, மூச்சு இருக்கான்னு பாத்துட்டுப் போவேன்."

எட்டு வருஷமாக. எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்புறம் ஏன் இந்தப் பக்கம் வரல?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

"முட்டி சரியானப்புறம் நீங்க கூப்பிடலையே."

அதில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எட்டு வருஷம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைடா தயாளா. முண்டம், முண்டம்.

அவள் முறுக்கு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 7, திங்கள்

வீடு. பூட்டைத் திறந்ததும் பழக்கத்தில் ரத்தினம் தன் பெட்டியை உருட்டிக்கொண்டு பின் அறைப் பக்கம் போனாள். நான் ஹாலிலேயே நின்றேன். கப்பலில் ஒரே கட்டில்தான், வேறு வழியில்லை. இங்கே இரண்டு இருக்கிறது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"ரத்தினம், இங்க வந்துடு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பெட்டியின் சக்கரச் சத்தம் நின்றது. பிறகு திரும்பியது.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று ராத்திரி குறட்டை நின்றுவிட்டதென்று விலாவில் மூன்று தடவை இடித்தாள். இடதுபக்கம் இன்னும் வலிக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.