தோள்வலி என்று சொல்லி வந்தது

அம்மா,

கஞ்சி அடுப்போரம் இருக்கிறது. கருவாடு வறுத்து மூடி வைத்திருக்கிறேன். நேற்று நீ, "ஏளா, அறுத்துட்டு வந்தா எவன் கெட்டுவான்?" என்று கத்தியபோது எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக நாம் தோள்வலி என்றே சொன்னோம். டாக்டர்களும் தோளுக்கே தைலம் கொடுத்தார்கள். மதுரையில் டாக்டரம்மாவிடமும் வாய் திறக்க வெட்கமாக இருந்தது. மார்பின் பாரம் தாங்கவில்லை என்று சீட்டில் எழுதி நீட்டினேன். பாடிப் பட்டை தோளில் பதிந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "இதச் சொல்லவா ரெண்டு வருசம்?" என்று சிரித்தார். எனக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது.

அறுத்து எடுப்பதில்லை, அம்மா. குறைப்பதுதான். பாரம் குறைந்தால் தோள்வலியும் போய்விடுமாம். தழும்பு இருக்கும். உணர்ச்சி குறையலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமலும் போகலாம், அதை மட்டும் நன்றாக யோசித்து வா என்றார். யோசித்துவிட்டேன். வைகாசியில் ஆபரேஷன். பிறகு ஒரு மாதம் குடம் தூக்கக் கூடாது. நீ கூட வர வேண்டும்.

உப்புக் கம்பெனி லேபுக்குக் கிளம்புகிறேன்.

வடிவு

டாக்டரம்மா எழுதிய சீட்டு பீரோவில் இருக்கிறது. சாவி அரிசிப் பானைக்குள்.

பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அக்கா கேட்டால் தோள்வலிக்கு ஆபரேஷன் என்றே சொல். இந்தத் தடவை அது பொய்யில்லை.