சூசைநாதனுக்கு ஒரு பூசை

யூலை 11, வெள்ளி

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து புழுதி. கடலேரிக் கரைத் திடலில் ஓவியச் சந்தை, ஞாயிறு வரைக்கும். கொட்டகைத் துணி பறந்து வேலியில் போய் விழுந்தது. கல் கட்டி இறக்கினோம்.

கொண்டுபோனவை: பலகைகள், சவர பிளேட், உடைந்த கண்ணாடித் துண்டு, மட்டிச் சிப்பி, தேங்காயெண்ணெய், பழஞ்சீலை. மறந்தவை: தண்ணீர், தொப்பி, கதிரை.

நான் வேலை செய்யும் போட்டோக் கொப்பிக் கடையில் லீவு கேட்டபோது முதலாளி, "நீரும் ஓவியரோ?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு கொட்டகைக்கும் விபரம் எழுதி வைக்க ஒரு மட்டை தந்தார்கள். இரண்டு தலைப்பு: நுட்பம், உந்துதல். நுட்பம் உடனே எழுதினேன். அண்ணையின் பழைய வள்ளத்துப் பலகை. வருடா வருடம் கோயில் பெருநாளுக்கு முன் பூசிய பெயின்ற், ஒன்றின் மேல் ஒன்று. மேலே நீலம், உள்ளே பச்சை, பிறகு மஞ்சள், அடியில் சிவப்பு. நான் புதிதாக ஒன்றும் பூசுவதில்லை, சுரண்டி எடுக்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுதான் வேலை.

உந்துதல் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. உண்மையில் நடந்தது இது: அண்ணை பைபர் படகு வாங்கிய பிறகு வள்ளத்தை விறகுக்கு உடைத்தார். மழைநாள், எனக்கு வேலையில்லை, ஒரு பலகையை நகத்தால் சுரண்டினேன், நீலத்துக்குள்ளிருந்து மஞ்சள் வந்தது. அவ்வளவுதான். இதைப் போய் எப்படி எழுதுவது? 'கடல்' என்று எழுதி வைத்தேன். எழுதியதும் கூச்சம்.

பக்கத்துக் கொட்டகையில் சிவபாலன், நீர்வேலிக்காரர். வாழைக் கயரால், அந்தக் கறைப் பாலால், துணியில் படம் கீறுகிறார். கீறும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வெயிலில் காய்ந்த பிறகுதான் மண்ணிறமாய் எழும்புகிறது. வருகிற எல்லாருக்கும் ஒரே விளக்கம்: "சட்டையிலை பட்டால் வீட்டிலை பேச்சு விழுமே, அந்தக் கயர்தான். கழுவினாலும் போகாது. அதாலைதான் எனக்கு அதிலை விருப்பம்." ஆட்கள் "ஆ" என்றுவிட்டு நகர்கிறார்கள். என்னிடமும் யாரும் நிற்கவில்லை. கச்சான் கடலை வண்டியில் மட்டும் கூட்டம்.

சி. பிளேன்ரீ வாங்கித் தந்தார். சீனி கூடிப்போனது.

யூலை 12, சனி

காற்று கொஞ்சம் அடங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மா வந்து நின்றார். பிலோமினா அன்ரி. பிறந்தது குருநகர், இப்போது கனடா, இங்கே ரவுணில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அறுபது தாண்டியிருக்கும். பெரிய பலகையை விரலால் தடவிப் பார்த்தார். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இவர் ஆணித் துவாரங்களைப் பார்த்தார்.

"இது ஆரின்ரை வள்ளம் பிள்ளை?"

"என்ரை அண்ணையின்ரை, அன்ரி."

"அண்ணை...?"

"இப்ப அந்த வள்ளம் இல்லை" என்றேன். அது உண்மை. சிப்பி கீழே விழுந்திருந்தது, அதை எடுக்கக் குனிந்தேன். அதுவும் உண்மை. நிமிர்ந்தபோது அவருடைய கண் நிறைந்திருந்தது.

"கடலோ பிள்ளை? இல்லை, மற்றதோ?" (மற்றது என்றால் நேவி பிடித்துக்கொண்டு போவது.)

இல்லை அன்ரி, அண்ணை வீட்டிலை இருந்து வலை பொத்துறார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது: "கடல்." மட்டையிலும் அதுதானே எழுதியிருந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தம்பி எமில், ஒரு பின்னேரம் படகேறிப் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. "பெட்டியிலை வைச்சு அடக்கம் பண்ண ஒண்டும் கிடைக்கேல்லை. பூசை குடுக்கிறதோ, குடுக்கக் கூடாதோ எண்டே தெரியாமல் இவ்வளவு காலம் போட்டுது." அவர் அழுதார். நானும் அழுதேன். நடிப்பு இல்லை, கண்ணீர் தானாக வந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

இரண்டு பேர் அழுதால் இருபது பேர் நிற்பார்கள். நின்றார்கள். கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது ஒவ்வொன்று கூடியது:

— விடியற்காலை.
— காற்று திடீரென்று மாறியது.
— கரையில் விளக்கோடு நின்ற மச்சாள். (அண்ணையின் மனுசி ஒருநாளும் கரைப் பக்கம் போவதில்லை. மீன் மணம் தலையிடிக்கும்.)
— மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் ஒதுங்கியது.

பலகையில் ஒரு பொட்டுப் பெயின்ற் சேர்க்காதவள், வாயால் பூசிப் பூசி விட்டேன். பின்னேரத்துக்குள் பெரிய பலகைகள் எல்லாம் விற்றுப்போயின. எங்கள் கரை ஆட்கள் படம் பார்க்க வருவதில்லை என்ற தைரியம்.

யூலை 13, ஞாயிறு

இன்று கலைஞர் பேச்சு. வேப்பமரத்தடியில் ஒரு மைக். என்னை முதலில் கூப்பிட்டார்கள். நேற்றைய கதை திடல் முழுக்கப் பரவியிருந்தது. வேறு கதை சொல்ல வழியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வழி இருந்தது.

சொன்னேன். நன்றாகச் சொன்னேன். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கச்சான் வண்டிக்காரன்கூடச் சுருள் சுற்றுவதை நிறுத்தினான்.

அடுத்தது சிவபாலன். மைக்கைப் பிடித்தார். "அவ சொன்னதுக்குப் பிறகு நான் கயரைப் பற்றிக் கதைக்கிறது வெக்கமா இருக்கு" என்று இறங்கிவிட்டார். நல்ல பேச்சு எழுதிக்கொண்டு வந்திருந்தார், காலையில் எனக்கு வாசித்துக் காட்டினார். தண்டை எந்தப் பக்கம் சரித்து வெட்டினால் பால் தெளிவாக வரும் என்பது வரைக்கும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பி. அன்ரி போகும்போது கேட்டார். அண்ணையின் பெயர் என்ன, எந்தக் கோயில். வேறு பெயர் வாயில் வரவில்லை. சூசைநாதன் என்றேன். எங்கள் கோயிலையும் வீட்டு விலாசத்தையும் சொன்னேன், போன் நம்பர் மாற்றிக்கொண்டோம்.

"நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் மனம் துணிஞ்சுது. எமிலுக்கும் உன்ரை அண்ணைக்கும் சேர்த்து ஒரு பூசை குடுக்கிறன், வாற ஞாயிறு. நான் அண்டைக்கு மடு மாதா கோயிலிலை நிப்பன். ரெண்டு பேருக்குமாய் நீ இரு பிள்ளை, என்ன?"

"ஓம் அன்ரி."

ஓம் என்றேன்.

யூலை 15, செவ்வாய்

கடை. பிரதி எடுக்கும் மெஷின் பேப்பர் தின்றது. தலை வலி.

அண்ணை வேலிக்கு மேலால் ஓரா மீன் நீட்டினார். இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலிதான், எங்கே ஒளிவது?

"சந்தை எப்பிடி?"

"பரவாயில்லை அண்ணை."

"ம்" என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக எல்லாம் கேட்பார். மீனைக் காய்ச்சினேன். சட்டியோடு மூடி வைத்தேன்.

யூலை 17, வியாழன்

கோயில் அலுவலகத்துக்குப் போனேன், பெயரை எடுக்கச் சொல்ல. சாமியார் புதிது, மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான், ஆட்களைத் தெரியாது. வாசல் படலை வரை போனேன். "ஃபாதர், அந்தச் சூசைநாதன் சாகவில்லை" என்று எப்படித் தொடங்குவது? ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால்?

படலையில் கட்டியிருந்த ஆட்டைத் தடவிவிட்டுத் திரும்பினேன். அண்ணை முதற் பூசைக்கு வருகிறவர் இல்லை, சனி இரவு கடலில் தொழில். அந்த நம்பிக்கை.

வாங்க வேண்டியது: மாவு, சவர்க்காரம், புது பிளேட்.

யூலை 20, ஞாயிறு

வந்தார். மச்சாள் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் பக்கம், கடைசி வாங்கு.

சாமியார் வாசித்தார்: "இன்றைய திருப்பலி, மரித்த நம் சகோதரர்கள் எமில், சூசைநாதன் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

பிறகு தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. யாரோ ஒருவன் பொத்திக்கொண்டு சிரித்தான். "சூசை, நீ எப்ப போனனீ?" மச்சாள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பூசை முடியும்வரை கால்விரல்கள்தான்.

அண்ணை எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

வெளியில் மச்சாள் படியிலேயே நின்றுவிட்டார். "உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஆர் உதைச் செய்தது? கடலுக்குப் போறவனுக்கு!" அண்ணை சொன்னார், "அப்பப்பாவின்ரை பேரும் சூசைநாதன்தானே. வெளிநாட்டுச் சொந்தம் ஆரும் குடுத்திருக்குங்கள். வா வீட்டை." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

யூலை 21, திங்கள்

மச்சாள் எஞ்சின் பிளக்கைக் கழற்றி ஒளித்துவிட்டார். அப்பப்பா கதையை அவர் நம்பவில்லை. அண்ணை தொழிலுக்குப் போகவில்லை. முற்றத்தில் இருந்து நல்ல வலையையே திரும்பப் பொத்துகிறார். வேலியால் எல்லாம் கேட்கிறது. மச்சாள் சாப்பிடவில்லை. எனக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. என்ன பிறவி நான்.

யூலை 22, செவ்வாய்

மழைக் குணம், பெய்யவில்லை.

அண்ணை பலகைக் கட்டொன்றை வேலிக்கு மேலால் இறக்கினார். "இந்தா. இதைத்தான் அண்டைக்குக் கொண்டந்தனான்."

"எண்டைக்கு?"

"திடலுக்கு, ஞாயிறு. நீ மைக்கிலை நிண்டாய். குழப்பக்கூடாதெண்டு கச்சான் வண்டிப் பக்கம் நிண்டு கேட்டன்."

"முழுக்கவோ?"

"ஓம். எனக்கே ஒரு மாதிரிப் போட்டுது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏன் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை?"

"பலகை விக்கச் சொல்லுறாய் எண்டு விட்டிட்டன். கோயிலிலை வாசிக்கேக்கைதான் விளங்கினது, ஆரோ அதை உண்மையா நம்பீட்டினம் எண்டு."

"அப்ப எழும்பிப் போயிருக்கலாமே. சனம் சிரிச்சுது."

"எமில் எண்டு இன்னொரு பேர் வாசிச்சவையெல்லே. எனக்குப் பூசை தேவையில்லை. அந்தப் பெடியனுக்குத் தேவையா இருக்கும். அவனுக்கெண்டு ஒருத்தரும் அங்கை இல்லாத மாதிரிக் கிடந்துது. அதாலை முழந்தாளிலை நிண்டன்."

அந்தக் கோயிலில் எமில் யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ரெண்டு பேருக்குமாய் நீ இரு என்று என்னிடம்தான் சொன்னார். நான் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி. அன்ரியைப் பற்றி அண்ணைக்குச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அந்த மனுசிக்குச் சொல்லு. உன்ரை மச்சாளுக்கு நான் சொல்லுறன்."

யூலை 23, புதன்

மதியம். கடைக்குப் போகவில்லை. பி. அன்ரி மடுவால் வந்து ரவுணில் நிற்கிறார். கூப்பிடாமல் போனில் தட்டச்சு செய்தேன்.

"அன்ரி, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்." அழித்தேன்.

"அன்ரி, நீங்கள் பிழையா விளங்கீட்டியள்." அழித்தேன். அது இன்னொரு பொய்.

"அன்ரி, அண்ணை உயிரோடை இருக்கிறார்." அனுப்பினேன். மீதியை அடுத்த தகவலில் எழுதலாம் என்று. மன்னிப்பு, மைக், எல்லாம். முதல் சொல்லைத் தட்டும் முன் அழைப்பு வந்துவிட்டது.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. "பிள்ளை! எப்ப வந்தவர்? ஆர் கூட்டியந்தது? பூசை குடுத்து ஒரு கிழமை ஆகேல்லையே, மாதாவே! எங்கையாம் இருந்தவர் இவ்வளவு காலமும்?"

"அன்ரி, இல்லை, நான்..."

"அவரைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்திலை வேறை ஆக்களும் இருந்தவையாமோ? எமிலைக் கண்டவரோ எண்டு கேள். இல்லை, நீ கேக்காதை. நானே வந்து கேக்கிறன். எமிலின்ரை படம் என்ரை பாக்கிலை கிடக்கு. இப்பவே வாறன்."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும். எடுக்கவில்லை.

வேலிக்கு ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். வலை ஊசியைக் கீழே வைத்தார். வெறும் மேலோடு இருந்தவர், சேட்டுப் போட உள்ளே போனார். வாசலில் நின்று திரும்பி, "நீதான் கதைக்கோணும். நான் பக்கத்திலை நிக்கிறன்" என்றார்.

முகம் கழுவினேன். வீதி முடக்கில் ஆட்டோச் சத்தம்.