பொனட்டில் பதிந்த குங்குமம்

மச்சான்,

இன்று காலை உன் ரொக்ஸ்பரோ வீட்டுக் கராஜைக் கூட்டுவதற்காகக் கதவை உயர்த்தினேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் மணம் அப்படியே நின்றது. குளிர்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த தோல் இருக்கைகளின் மணம், அதனோடு கலந்த பெற்றோல் மணம், இவ்விரண்டுக்கும் அடியில் மெல்லியதாய்க் கற்பூரம். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ உயிரோடு இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. என் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், உன் வீடு ரொக்ஸ்பரோவில். அடுத்தடுத்த ஊர்கள்; இடையில் கடிதத்துக்கு என்ன வேலை? இப்போது எழுதுகிறேன். உன் காரை விற்றுவிட்டோம். எப்படி விற்றோம் என்பதை நீ அறியவேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்ததில் எனக்குப் பெருமை.

உன் அக்காவை நான் கைப்பிடித்த நாளிலிருந்து உன்னை அறிவேன். ஆனால் உன் முகம் முழுவதும் ஒளி பரவியதை நான் முதலில் கண்டது இங்கே கியூபெக்குக்கு வந்த பிறகுதான். லவாலுக்கு அப்பால் இருந்த கார் ஆலையில் உனக்கு வேலை கிடைத்த மாலை அது. நீண்ட முன்புறமும் இரண்டே கதவுகளும் எட்டு உருளை எஞ்சினும் கொண்ட கார்கள் அங்கே வரிசையில் வரும். இடப்பக்கக் கதவைப் பொருத்துவது உன் வேலை. தெருவில் அத்தகைய கார் ஒன்று உறுமிக்கொண்டு போனால் நீ பேச்சை நிறுத்திவிட்டு அதன் கதவைப் பார்ப்பாய். அது சரியாகப் பொருத்திப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வாய். ஒருநாள் உன் அக்கா கேட்டாள், "உதெல்லாம் நீயே பூட்டினனி?" நீ சற்றும் தயங்கவில்லை. "வடிவாப் பூட்டியிருந்தா நான் பூட்டினது. ஆடினா வலப்பக்கத்தான் பூட்டினது."

ஆலை மூடப்பட்டது. நீ வேறு வேலைகளுக்குப் போனாய், ஓய்வும் பெற்றாய். அந்தக் கார்களைப் பற்றிய பேச்சு மட்டும் உன்னிடம் ஓய்வு பெறவில்லை. பிறகு ஒரு நிறுவனம், பழைய உருவத்தைப் புதிதாக வடித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையோடு உற்பத்தியை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. ஒவ்வொன்றிலும் அதன் வரிசை எண் பொறித்த சிறு தகடு இருக்குமாம். நீ பெயர் கொடுத்தாய், காத்திருந்தாய், வருடக்கணக்காக ஒதுக்கி வைத்ததைக் கொடுத்து வாங்கினாய். பளபளப்பு இல்லாத சாம்பல் நிறம். முதல் தடவை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "பாருங்கோ அத்தான், நீங்கள் பூசுற நிறந்தான்." உண்மைதான். நன்றாகச் சலித்த திருநீற்றின் நிறம் அது.

கோயிலில் ஒருவர், நீயும் நானும் நன்கு அறிந்தவர், உன்னைச் சீண்டினார். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்பது அவருடைய கேள்வி. "இருபது வயசில கேட்டிருந்தா ஆர் அண்ணை தந்தவை?" என்று நீ திருப்பிக் கேட்டாய்.

வாகன பூசைக்கு முருகன் கோயிலுக்குப் போன நாளை நான் இங்கே எழுதாமல் விட முடியாது. உச்சி வெயில். நான்கு ரயர்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நான் பதிகம் ஓதி முடித்தேன். குருக்கள் ஐயா சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் முன்னால் வந்து, எங்கே வைப்பது என்று கேட்டார். "நடுவில ஐயா, வடிவாப் பெரிசா வையுங்கோ. இவருக்கு நெத்தி பெரிசு" என்று காரின் பொனட்டை, அந்த நீண்ட முன்மூடியை, காட்டினாய். ஐயாவும் மனம் குளிர வைத்தார். நீ எஞ்சினை முடுக்கியபோது கோயில் மணி அதற்குள் அமிழ்ந்துபோனது. "மெல்ல தம்பி, முருகன்ரை மயில் வெருண்டிடும்" என்று ஐயா சொல்ல, வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாம் கீழே அன்னதானத்துக்குப் போய், பாயசமும் உண்டு, ஆறுதலாகத் திரும்பிவந்தோம்.

அதற்குள் வெயில் தன் வேலையை முடித்திருந்தது. சந்தனம் உதிர்ந்துவிட்டது, குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. சாதாரணக் கார் என்றால் மெருகுப் பசை தேய்த்து எடுத்துவிடலாம். பளபளப்பில்லாத வர்ணத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்னத் தொடங்கிவிடும். கடைக்காரர் தந்த கையேட்டில் பறவை எச்சம், மரப்பிசின், பூச்சி என்று எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இருந்தது. குங்குமத்துக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. பெருவிரல் அகலத்தில், காய்ந்த செம்பரத்தம் பூவின் நிறத்தில், ஒரு தடம் நிலைத்துவிட்டது. அன்றுமுதல் நம் குருக்கள் ஐயா புதிய கார் எது வந்தாலும் கிண்ணத்தைத் தொடுமுன், "தம்பி, இது மினுங்கிற பெயின்ரோ, மினுங்காததோ?" என்று கேட்டுக்கொள்கிறார். கோயிலில் ஒரு புதிய விதி உன்னால் உண்டாயிற்று.

இவ்வகைக் கார்களின் சந்தைக்கு ஒரு விசித்திரமான நியாயம் உண்டென்பதை எனக்கு விளக்கியவன் நீதான். மற்றக் கார்கள் கடைவாசலைக் கடந்தவுடன் விலை இறங்கும். இவையோ, இனி ஒன்றும் செய்யப்படாது என்பதனாலேயே ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஆனால் அதற்கு விரதம் காக்கவேண்டும். ஓட்டக் கூடாது. ஆலையில் பூசிய வர்ணம் அப்படியே இருக்கவேண்டும். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காதவர்கள் உண்டாம். நீ அந்த உறையை முதல் நாளே கிழித்து எறிந்தாய். வைகாசியில், பனி உருகத் தெருவில் தூவிய உப்புக் கழுவப்பட்டுத் தெரு காய்ந்ததும் வெளியே எடுத்தால், ஐப்பசிக் குளிர் வரும்வரை கோயிலுக்கும் கடைக்கும் அதுதான். ஞாயிறுகளில் லவாலின் கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் அதே வகைக் கார்க்காரர்கள் கூடுவார்கள். பலருடைய கார்கள் பாரவண்டியில் ஏற்றப்பட்டு வந்து இறங்கும். நீ மட்டும் ஓட்டிக்கொண்டு போவாய். ஓடினால் விலை குறையுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அத்தான், பூட்டி வைக்கிறதெண்டா நான் ஒரு அலுமாரியல்லோ வாங்கியிருப்பன்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி யோசித்தேன். தேரைப் பாடிய பழம்புலவர் எவரும் அதன் விலையைப் பாடவில்லை. அது எழுப்பிய புழுதியையும், அதன் மணியோசை கேட்டு வாசலுக்கு ஓடிவந்தவர்களையுமே பாடினார்கள். இறைவன் தேரேறுவதும் வீதிக்கு வருவதற்காகவே. உன் பேச்சில் நான் கற்ற செய்யுளின் பொருளைக் கண்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பாய். இப்போது சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னைக் குனியச் சொல்லிக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "அத்தான், அதை வைச்சு அழவேண்டாம். வில்லுங்கோ. ஆனா உள்ளதைச் சொல்லி வில்லுங்கோ."

உன் மறைவுக்குப் பின் உன் மனைவி வசந்தியின் நிலை நீ நினைத்ததைவிட நெருக்கடியாக இருந்தது. அந்த வீட்டில் அவள் தொடர்ந்து இருப்பதா, விட்டுவிட்டு மகளோடு ஒண்டிக்கொள்வதா என்பது இந்த விற்பனையில் தங்கியிருந்தது. ரொறொன்ரோவிலிருந்து ஒரு தரகர் பேசினார்; நம்மவர், கெட்டவரும் அல்லர். படங்களைப் பார்த்த உடனே குங்குமத் தடத்தைக் கண்டுகொண்டார். அந்தக் கறையோடு சேகரிப்பாளர்கள் தொடமாட்டார்கள் என்றார். அதே ஆலையின் புதிய பொனட் ஒன்றை எடுத்து மாற்றிவிட்டு, ஒன்றும் மாற்றாத கார் என்று சொல்லி விற்றால் முழு விலையும் கிடைக்கும் என்றார். "ஒருத்தருக்கும் தெரியவராது அங்கிள்."

உன் வார்த்தையைக் காப்பது எனக்கு எளிது. வீட்டை இழக்கப்போவது நான் அல்லவே. ஆகவே தரகர் சொன்னதையும் நீ சொன்னதையும் வசந்தியிடம் அப்படியே ஒப்புவித்தேன். அவள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அண்ணை, குருக்கள் ஐயா வைச்ச பொட்டை நான் கழட்டி எறியிறதே? வாறவைக்குச் சொல்லுங்கோ. விரும்பினவை எடுக்கட்டும்."

இருவர் வந்து பார்த்தார்கள். பொனட்டைக் கண்டதும் மரியாதையாகப் போய்விட்டார்கள். மூன்றாமவர் சென்ற சனிக்கிழமை வந்தார். சென்-ஜெரோம் பக்கத்துக் கியூபெக்காரர், தலை நரைத்தவர், இத்தகைய கார்களை வாங்கிச் சேர்ப்பவர். வசந்தி பக்கத்தில் நிற்க, நானும் உன் மகள் ஆரணியும் போர்வையை இரண்டு மூலைகளில் பிடித்து இழுத்தோம். அவர் ஒரு முறை சுற்றிவந்தார். பின்பு, வர்ணத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றை எடுத்து, கதவு, கூரை, பின்புறம் என ஒவ்வோர் இடமாக வைத்து வைத்துப் பார்த்தார். கடைசியாகப் பொனட்டுக்கு வந்தார், நின்றார், இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். புதிய வாகனத்தை முதலில் இறைவன் சந்நிதிக்குக் கொண்டுசெல்வது எங்கள் வழக்கம், அங்கே வைத்த குங்குமம் இது, நீக்க முடியாதது, நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆரணி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். குங்குமம் என்ற சொல்லுக்கு அவளுக்குப் பிரெஞ்சு கிடைக்கவில்லை. பழக்கத்தில், காட்டுவதற்காகத் தாயின் நெற்றிப் பக்கம் கையை நீட்டினாள். அங்கே இப்போது அது இல்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அந்த மனிதர் இருவரையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன், ஏனெனில் தொப்பியைக் கழற்றினார்.

கருவியைத் தடத்தின் மேலும், அதன் பக்கங்களிலும் வைத்துப் பார்த்தார். ஆரணியிடம் நெடுநேரம் பேசினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, தான் பார்த்த கார்களில பொனட்டைத்தானாம் முதல் மாத்தியிருப்பினம், இல்லாட்டி திரும்பப் பெயின்ற் அடிச்சிருப்பினம். கேட்டா இல்லையெண்டு சொல்லுவினமாம். இது ஆலையில அடிச்ச பெயின்ற் எண்டதுக்கு இந்த அடையாளமே சாட்சியாம். தான் எடுக்கிறாராம். இதை ஒருக்காலும் மாத்தமாட்டாராம்."

ஓடிய தூரம் அதிகம் என்று மட்டும் ஒரு குறை சொன்னார். அதற்கு வசந்தியே தன் பிரெஞ்சில் பதில் சொன்னாள்: என் கணவருக்கு ஓட்டப் பிடிக்கும். அந்தக் குறையை அவர் மறுபடி எடுக்கவில்லை. தரகர் காட்டிய ஆசை விலை அல்ல அவர் தந்தது. ஆனால் வசந்திக்கு வேண்டியிருந்ததற்கு அது குறையவில்லை. வீடு அவளிடமே நிற்கிறது, மச்சான். பொய் ஒன்றும் அதற்குள் வைக்கப்படவில்லை.

சாவியைப் பெற்றுக்கொண்டு இருக்கையில் அமர்ந்தவர், இடப்பக்கக் கதவை இழுத்துச் சாத்தி, அது பூட்டிய ஓசையைக் கேட்டுத் தலையசைத்தார். பின் கண்ணாடியை இறக்கி, என்னை நோக்கி, இறந்தவர் உங்கள் சகோதரரா என்று கேட்டார். இத்தனை வருடங்கள் இந்நகரில் பொண்ஜூர் என்ற வணக்கத்தையும் மெர்சி என்ற நன்றியையும் வைத்தே காலம் தள்ளியவன் நான். இல்லை, மச்சான் என்று தமிழிலேயே சொன்னேன். ஆரணி மெதுவாக எனக்குச் சொல் எடுத்துத் தந்தாள்: போ-ஃப்ரேர். நான் அதை உரத்துச் சொன்னேன். அவர் கையை உயர்த்திவிட்டுப் புறப்பட்டார். உன் எஞ்சினின் ஒலி தெருமுனை திரும்பியும் சற்று நேரம் கேட்டது.

பிறகு ஆரணியிடம், அந்தச் சொல்லைப் பிரித்தால் என்ன பொருள் என்று கேட்டேன். பழைய செய்யுள்களைப் பதம் பிரித்தே வளர்ந்தவனுக்கு வேறு பழக்கம் ஏது? "போ எண்டா அழகான, ஃப்ரேர் எண்டாச் சகோதரன், மாமா. மச்சானை அவை அப்பிடித்தான் சொல்லுறவை" என்றாள்.

அழகிய சகோதரன். நான் கற்ற தமிழ் அத்தனையிலும் உனக்கென்று இவ்வளவு பொருத்தமான சொல்லை நான் தேடி எடுக்கவில்லை. எனக்குத் தெரியாத மொழி அதை ஆயத்தமாக வைத்திருந்திருக்கிறது. இப்போது கோயிலில் யாராவது உன்னைக் குறித்துப் பேச்செடுத்தால் இந்தப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று. சிரிக்கட்டும். பொருள் கேட்பவர்களுக்கு நிறுத்தி, பதம் பிரித்து, விளக்கம் சொல்லிவிட்டே நகர்கிறேன்.