எறிகல் கணக்கும் ஈரப் பட்டையும்

நவம்பர் 14, செவ்வாய்

விடியலில் சுமத்ரா காற்று, பேய் மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்துவிட்டது, பால் வெட்டு இல்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றவர்களை அப்படியே லயத்து வீடுகளுக்குத் திருப்பி அனுப்பினோம். அவர்களுக்கு இன்று கணக்கில் பேர் விழாது, கூலியும் இல்லை. எனக்கு நாள் முழுக்கப் பரீட்சைக்குப் படிக்க நேரம். சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பட்டேன்.

பத்தொன்பதாம் கணக்கு மறுபடியும். முப்பது பாகை சரிவான மலை. உச்சியிலிருந்து ஒரு கல்லைப் படுக்கைவாக்கில் விநாடிக்கு நாற்பது அடி வேகத்தில் எறிகிறார்கள். எவ்வளவு படுக்கைத் தூரம் தள்ளிச் சரிவில் விழும்? எனக்கு ஐம்பது அடி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஐம்பத்தேழே முக்கால். நாலு தடவை போட்டாயிற்று. நாலு தடவையும் ஐம்பது. கல்லை எறிகிறவன் எவனோ, அவனை முதலில் தூக்கி எறிய வேண்டும்.

வாங்க: மண்ணெண்ணெய், பேனா முள், பெரிய கிராணிக்குக் காய்ச்சல் மாத்திரை கொயினா.

நவம்பர் 15, புதன்

வெயில். வெட்டு உண்டு. பாலை எடை நிறுத்து முடிக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது.

எஸ்டேட் துரையிடம் லீவு கேட்டேன். வரும் திங்கட்கிழமை மலாக்கா டவுனில் பரீட்சை. பாஸானால் நிலம் அளக்கும் ஆபீசில் பயிற்சி, பிறகு வேலை. இந்த எஸ்டேட்டை விட்டு வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், சேர்க்க மாட்டார்கள். இத்தனையும் சொன்னேன். துரை பைப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். வெட்டு இல்லாத நாளாக இருந்தால் போ, வெட்டு இருந்தால் பாலை யார் நிறுப்பது என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆபீசில் எனக்கு மேல் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் சொன்னேன். சிரித்தார்.

"மழைய வேண்டிக்கடா தம்பி. நானும் ரெண்டு வருஷத்துல போயிடலாம்னுதான் இங்க வந்தேன். தலையப் பாரு, பஞ்சாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம். அதற்குப் பின்னால் ரப்பர் மரம்.

நவம்பர் 17, வெள்ளி

நேற்று மழை, வெட்டு இல்லை. இன்று உண்டு. மத்தியானத்துக்கு மேல் கங்காணியோடு மேட்டுக் காட்டில் சங்கிலி போட்டு அளந்தோம். வெட்டுப் பகுதிகளை மாற்றிப் பிரிக்கிறார்கள். ஒரே அட்டை, கால் முழுக்க ரத்தம்.

சங்கிலி சரிவோடு படுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டென்று புரிந்துவிட்டது! எஸ்டேட்டில் தூரம் என்றால் சங்கிலி கிடக்கிற தூரம். மேடோ பள்ளமோ, தரையோடு. நானும் அந்தக் கல்லைத் தரையோடு நடக்க விட்டிருக்கிறேன். அது காற்றிலல்லவா போகிறது! நாற்பது அடி வேகம் படுக்கைத் தூரத்துக்குத்தான், சரிவுக்கு அல்ல.

ஓடி வந்து போட்டேன். இறக்கம் தனி, படுக்கை தனி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சரிவு. நேரம் வந்தது, தூரம் வந்தது. ஐம்பத்தேழே முக்கால். அடுத்த நாலைந்து கணக்கும் சரி.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. மூன்று வருஷத்தில் இந்த எஸ்டேட் என் மண்டைக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது.

நவம்பர் 19, ஞாயிறு

பெரிய கிராணிக்குக் குளிர் காய்ச்சல். கட்டில் ஆடுகிறது. நாளைப் பெரட்டு என் பொறுப்பு. மரப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, வெட்டு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியதும் நான்தான். துரை கிளப்புக்குப் போயிருக்கிறார், நாளை மத்தியானம்தான் வருவார். ஆக, நான் ஈரம் என்றால் ஈரம். கேட்பார் இல்லை.

கடையில் முனியம்மா. மேட்டுக் காட்டில் பால் வெட்டுகிறவள்.

"நேத்தும் மழையில போச்சுங்கய்யா. இந்த வாரம் பாதிக்குப் பேரே இல்ல. நாளைக்காச்சும் மழை வேணாந்தாயின்னு மாரியாத்தாகிட்ட சொல்லிட்டு வரேன்."

அதே மாரியாத்தாளிடம் காலையில் நான் வேறு மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். பாவம், அவள் யார் பேச்சைத்தான் கேட்பாள்.

நவம்பர் 20, திங்கள்

விடியலில் தூறல். சற்று நேரத்தில் நின்றது. வெள்ளைச் சட்டை, டை, பையில் இரண்டு பென்சில். அப்படியே பெரட்டுக்குப் போனேன்.

முதல் மரத்தில் கை வைத்தேன். மேலே கொஞ்சம் ஈரம், வெட்டுக் கோட்டில் காய்ந்திருந்தது. அடுத்த மரம். அதுவும் காய்ந்திருந்தது. மூன்றாவது மரத்தையும் தொட்டேன், எங்காவது நனைந்திருக்காதா என்று. எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னாங்கய்யா, வெட்டலாமா?" முனியம்மா.

"வெட்டுங்க."

நல்ல மனதால் சொல்லவில்லை. ஈரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர்கள் காட்டுக்குள் போன பிறகு ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஆளில்லை என்று போய்விட்டது. அவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்தது. கொட்டித் தீர்த்தது. கோப்பைப் பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து போயிற்று. நிறுக்க ஒரு சொட்டு இல்லை. வெட்டத் தொடங்கிய பிறகு மழை வந்தால் அரைப்பேர் உண்டு, பாதிக் கூலி. எல்லாருக்கும் போட்டேன்.

பால் கொட்டகையில் ஈர முக்காட்டோடு முனியம்மா என் டையைப் பார்த்தாள்.

"ஐயோ, பரீச்ச இன்னிக்கா? பெரிய கிராணி அன்னிக்கே சொன்னாரே. ஈரமுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, நாங்க என்னா சொல்லப் போறோம்?"

டையைக் கழற்றிப் பையில் திணித்தேன்.

"சரி விடுங்கய்யா. அடுத்த வருசம் எழுதிக்கலாம்லா."

"எழுதலாம்" என்றேன். "வாளியக் கவுத்து வை. தண்ணி வடியட்டும்."